அச்சுப் பக்கமும் கணிப்பொறியும்: சில இடர்களும் அவற்றை நீக்கும் வழிகளும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவை ஒட்டி அடி அண்ணாமலையில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில் மலர்க்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



எங்களுக்கு முன்னர் இம்மேடையில் பேசிய பெருமக்கள் உயர்கல்வியைப் பற்றியும் அரசுப் பணித் தேர்வுகளைப் பற்றியும் விரிவாகக் கூறினர். நாங்கள் எடுத்துக்கொண்டுள்ள பொருள் அவற்றை நோக்கச் சிறியது. கணிப்பொறியில் தமிழ்ப் பக்கங்களை அமைக்கும்போது நேரும் இடர்கள் யாவை, அவற்றை எங்ஙனம் நீக்குவது என்பதே அது. விழா மேடைக்கு இப்பொருள் பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். ஆகவே காரணத்தை முதற்கண் கூறிவிடுகின்றோம்.

சங்கத்தின் இருபத்தைந்தாண்டு வரலாற்றை மலரில் சேர்க்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. பழைய ஆண்டறிக்கைகள், உதவித்தொகை பெற்ற மாணாக்கர் பட்டியல்கள், இரவுப் பாடசாலைக் கணக்குகள் ஆகியவற்றின் கோப்புகள் குறுந்தகடுகளில் இருந்தன. அவை அக்காலத்தில் அச்சிட்டுத் தந்த அச்சகத்தார் கொடுத்தவை. பழுதாகாத தகடுகளைத் திறந்து பார்த்தபோது திரையில் தமிழ் இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிவரியாக நின்றன. அதே அறிக்கையின் அச்சுப்படி ஒன்று, ஓரங்களைக் கரையான் அரித்த நிலையில், அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. அதனை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தடையின்றிப் படித்துக் காட்டினான்.

இங்கே வேறொரு தாளை நினைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டிற்குப் பின் அது ‘தமிழன்’ என்று பெயர் பெற்றது. அதற்கும் முன்னர், 1893 இலேயே, இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ‘பறையன்’ இதழை நடத்தத் தொடங்கியிருந்தார். வட ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சென்று சுரங்கத்தில் உழைத்த நம் மக்கள் ‘தமிழ’னை வாங்கிப் படித்தனர். 1914 இல் பண்டிதர் மறைந்தார். அவர் எழுதியவை நெடுங்காலம் மறைந்தே கிடந்தன. எனினும் அன்பு பொன்னோவியம் போன்றோர் இதழ்த் தொகுதிகளைக் காத்து வைத்திருந்தமையால், ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999 இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்று வெளியிட்டது. ஈய எழுத்தில் அச்சான தாள் தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் பேசிற்று. அந்த 1999 ஐ ஒட்டி உருவான நம் சங்கத்தின் கோப்புகளோ கால் நூற்றாண்டிலேயே வாய் மூடிக்கொண்டன.

இஃது எதனால் நேர்ந்தது என்று அறிந்துகொண்டால் பக்க அமைப்பில் தோன்றும் இடர்களுள் பெரும்பாலானவை விளங்கிவிடும். ஆகவே இதனைச் சற்று நின்று பார்ப்போம்.

கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கின்றது. ஒவ்வோர் எழுத்திற்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைக் கண்டதும் எந்த வடிவத்தைத் திரையில் வரைவது என்பதை எழுத்துரு முடிவு செய்கின்றது. தொடக்கக் காலத்தில் இந்த எண்கள் ஆங்கிலத்திற்கே ஒதுக்கப்பட்டிருந்தன. மொத்தமே 256 இடங்கள். தமிழின் 247 எழுத்துகளையும் அவற்றில் தனித்தனியே அடக்க இயலாது. ஆதலின் தமிழ் எழுத்துரு செய்தோர் ஆங்கில எழுத்திருந்த இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தனர். கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாக ஆக்கினர். பாமினி என்னும் எழுத்துருவை இளைஞர் பலர் அறிவர். அதில் ‘தமிழ்’ என்று அடிக்கும்போது கோப்பினுள் பதிவது யாது? ஆங்கிலத்தின் சிறிய ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். தமிழ் முழுவதும் எழுத்துருவில் இருக்கின்றது; கோப்பில் ஒரு சிறிதும் இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அக்கோப்பைத் திறந்தால், உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகளே வெளிப்படும்.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. இந்த ஒட்டுவேலையை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகச் செய்தது. பாமினியில் தகரம் இருக்கும் இடத்தில் வேறோர் எழுத்துருவில் வேறு எழுத்து இருக்கும். இக்குழப்பத்தை நீக்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதனை அடுத்துத் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. எனினும் அவ்விரு முறைகளும் பழைய 256 இடங்களுக்குள் அடங்கியவையே. தமிழுக்கென்றே தனி எண்கள் ஒதுக்கிய முறை யூனிகோடு எனப்படும் ஒருங்குறி. 1991 இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2010 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 என்னும் முறையையும் தன் தரமாக அறிவித்தது. ஒருங்குறியில் ககரத்தின் எண் எந்தக் கணிப்பொறியிலும், எந்தக் கைபேசியிலும் ககரமே. எழுத்துருவை மாற்றினால் எழுத்தின் அழகு மாறும்; எழுத்து மாறாது.

ஆகவே பழைய கோப்பு ஆங்கிலமாகத் தெரிந்தால், அழிந்துவிட்டது என்று கைவிடுதல் ஆகாது. அது எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்பதைக் கண்டறிதலே முதல் வேலை. கோப்பைத் திறக்கும்போது ‘இன்ன எழுத்துரு இல்லை’ என்று மென்பொருள் ஓர் அறிவிப்புக் காட்டும். பலர் அதைப் படியாமலே ‘சரி’ என்பதை அழுத்திவிடுகின்றனர். அந்தப் பெயரைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் எழுத்துரு மாற்றியில் அம்முறையைத் தேர்ந்தெடுத்து ஒருங்குறிக்கு மாற்றுங்கள். இத்தகைய மாற்றிகள் விலையின்றியே கிடைக்கின்றன.

மாற்றிய பின்னர்தான் மெய்ப்புப் பார்ப்பவரின் உண்மையான உழைப்பு தொடங்குகின்றது. நாங்கள் கண்ட சில பிழைகளைச் சொல்லுகின்றோம். உதவித்தொகைப் பட்டியலில் ‘1,500 ரூபாய்’ என்று இருந்தது ‘1இ500 ரூபாய்’ என்று வந்தது. பாமினியில் இகரம் இருப்பது ஆங்கிலக் காற்புள்ளியின் விசையில் என்பதே காரணம். மாற்றி எல்லாக் காற்புள்ளிகளையும் இகரமாகவே கருதிவிட்டது. ‘எம்.ஏ.’ என்னும் பட்டத்தை ஆங்கில எழுத்தில் அடித்திருந்த இடத்தில் ‘ஆ.யு.’ என்று வந்தது. நம் ஊரிலிருந்து முதன்முதலாக முதுகலைப் பட்டம் பெற்றவர்களின் பெயர்களுக்குப் பின்னால் இப்படி நின்றால், படிப்பவர் என்ன எண்ணுவர்? எனவே ஆங்கிலப் பகுதிகளையும் எண்களையும் தனியே பிரித்து வைத்துவிட்டுத் தமிழை மட்டும் மாற்றுதல் நன்று.

கண்ணுக்குப் புலப்படாத பிழைகளும் உண்டு. பழைய தட்டச்சர்கள் ‘ர்’ என்பதற்குக் காலை அடித்து அதன்மேல் புள்ளி வைப்பது வழக்கம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மாற்றியபின் ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ என்றே கோப்பில் நிற்கும். அதுபோன்றே ‘கௌதமர்’ என்னும் பெயர். ஔகாரக் குறிக்கு மாறாக ஒற்றைக் கொம்பு, ககரம், ளகரம் என்று அடித்துக் ‘கெளதமர்’ ஆக்கியிருப்பார்கள். அச்சிட்ட தாளில் இரண்டிற்கும் வேற்றுமை காண்பது அரிது. ஆனால் பிற்காலத்தில் ஒரு மாணவர் நம் மலரில் கௌதமர் என்று தேடினால், அப்பெயர் இருக்கும் பக்கம் அவருக்குக் கிட்டாது. இவ்விரண்டையும் மென்பொருளின் ‘தேடி மாற்று’ வசதியால் சில நிமிடங்களில் திருத்திவிடலாம். ஆனால் கெளுத்தி, கெளிறு போன்ற சொற்களில் ளகரம் சரியானதே. ஆதலின் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

தகடே பழுதாகிவிட்டால் அச்சுப்படியை வருடியில் 300 புள்ளி அளவில் படமெடுத்து, தமிழ் எழுத்துணரி மென்பொருளுக்குக் கொடுக்கலாம். முன்னைக்கு இப்போது அது பெரிதும் தேறியிருக்கின்றது. எனினும் திருத்தாமல் பயன்படுத்தத் தக்கதன்று. ‘பி.டி.எஃப். கோப்பு இருக்கின்றதே, போதாதா?’ என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். கண்ணால் படிக்கப் போதும். பழைய எழுத்துருவில் உருவான பி.டி.எஃப்.இலிருந்து ஒரு வரியை எடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். அதே ஆங்கில எழுத்துகளே வந்து விழும்.

இனிப் பெயர்களைப் பற்றி ஒரு சொல். கோப்பை வேர்டு மென்பொருளில் பழைய எழுத்துருவால் அடிக்கும்போது, வாக்கியத்தின் முதலெழுத்தை அம்மென்பொருள் தானாகவே ஆங்கிலப் பேரெழுத்தாக மாற்றிவிடும். அஃது ஆங்கிலத்திற்குச் செய்யும் உதவி. பாமினியில் சிறிய ஜே தகரம். பெரிய ஜே துகரம். எனவே ‘தமிழரசி’ என்று தொடங்கும் வரி ‘துமிழரசி’ என்று ஆகிவிடுகின்றது. ‘தலைமை’ என்பது ‘துலைமை’ ஆகின்றது. இக்குறை அடிப்பவரின் கவனக் குறைவால் வருவதன்று. தானே திருத்தும் அந்த வசதியை அணைத்துவிட்டால் தீர்ந்தது. பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயரும் வரியின் தொடக்கத்திலேயே வருவதால் அங்கேதான் இப்பிழை மிகுதியாக நேர்கின்றது. பள்ளிச் சான்றிதழில் ஓரெழுத்து மாறியதால் அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அதனால்தான் பெயரைப் பொறுத்தவரை நம் மக்கள் சிறு பிழையையும் பொறுப்பதில்லை. அவர்கள் பொறுக்கவும் வேண்டா.

பக்கம் அமைக்கும் மென்பொருள்களுக்கு வருவோம். பேஜ்மேக்கர் 1985 இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டது. பின்னர் அடோபியின் கைக்குப் போயிற்று. அதன் இறுதிப் பதிப்பாகிய 7.0 வெளிவந்தது 2001 இல். அதன்பின் அது வளரவில்லை. ஆயினும் தமிழ்நாட்டுச் சிற்றச்சகங்கள் பல அதனை விடாது பயன்படுத்தி வந்துள்ளன. அதைப் பழிப்பது நன்றன்று. எளிய கணிப்பொறியிலும் அது ஓடும்; எத்தனையோ இளைஞர்களுக்குச் சோறு போட்ட மென்பொருள் அது. ஆனால் ஒருங்குறியை அது அறியாது. கைபேசியில் அடித்த கட்டுரையை அதில் ஒட்டினால் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். அத்தகைய அச்சகத்திற்குக் கொடுக்க நேர்ந்தால், ஒருங்குறியிலிருந்து அவர்களுடைய எழுத்துருவுக்கு மாற்றிக் கொடுங்கள். ஒருங்குறி மூலத்தை மட்டும் கைவிடாதீர்கள். அச்சகத்தில் திருத்திய பிழைகளை அன்றன்றே மூலத்திலும் திருத்திவிடுங்கள். இவ்வேலை சலிப்பூட்டுவது. ஆனால் இதை விட்டுவிட்டால் மூலம் ஒன்றாகவும் மலர் ஒன்றாகவும் போய்விடும்.

இன்டிசைன் ஒருங்குறியை ஏற்கும். ஆயினும் முதன்முறை தமிழை ஒட்டுவோர் திகைத்துப் போவர். ‘கேள்வி’ என்னும் சொல்லில் இரட்டைக் கொம்பு ககரத்தின் முன்னே வாராமல் பின்னே போய் நிற்கும். ஒருங்குறியில் கொம்பு மெய்யை அடுத்தே சேமிக்கப்படுகின்றது. அதனை முன்னே கொணர்ந்து நிறுத்துவது மென்பொருளின் கடமை. இன்டிசைனில் வழக்கமாக இயங்கும் வரியமைப்பான் அதைச் செய்வதில்லை. பத்திப் பலகையின் பட்டியலில் ‘வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்று ஒன்று இருக்கும். அதனைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்திற்கு வந்துவிடும். பத்திப் பாணியிலேயே அதைப் பதித்து வைத்துவிட்டால் ஒவ்வொரு பத்திக்கும் செய்ய வேண்டியதில்லை. கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டரும் நடக்கும்போது கட்டப்பட்டுள்ள விளம்பரத் தட்டிகளைக் கவனியுங்கள். கொம்பு இடம்மாறியோ, புள்ளியிட்ட வட்டம் ஒன்றைச் சுமந்தோ நிற்கும் எழுத்து ஏதேனும் ஒன்றில் தென்படக்கூடும். அதனை அமைத்தவர்க்குத் தமிழ் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். இந்த ஓர் அமைப்பு அவர்க்குத் தெரியாது.

இன்டிசைனுக்கு வாடகை போலத் தொடர்ந்து பணம் செலுத்த வேண்டும். அது நம்மனோர்க்கு எளிதன்று. திருட்டுப் படியை நிறுவுவோர் உளர்; அதனோடு நச்சுநிரலும் சேர்ந்து வந்து கோப்புகளை அழிப்பதுண்டு. ஸ்கிரைபஸ் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. அதன் 1.6 ஆம் பதிப்பு தமிழ் எழுத்துகளை முறையாக இணைத்துக் காட்டுகின்றது. பழைய பதிப்பைக் கொண்டு முயன்று ‘தமிழ் வரவில்லை’ என்று விட்டவர்கள் மீண்டும் முயலலாம். எழுத்துருக்களிலும் நோட்டோ, மீரா இனிமை போன்றவை எல்லார்க்கும் உரிமையாக வழங்கப்பட்டவை.

வரி முறிவு தமிழுக்கே உரிய தொல்லை. பழைய எழுத்துருவில் அமைத்த பக்கத்தை மென்பொருள் ஆங்கிலம் என்றே நம்புகின்றது. ஆங்கில இலக்கணப்படி சொல்லை வெட்டிக் கோடு போடுகின்றது. கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் அதன் மெய் அடுத்த வரியின் தொடக்கத்திலும் நிற்கும் அலங்கோலம் இதனால் வருவதே. சொல்வெட்டை அணைத்துவிடுங்கள். அணைத்தபின் வேறோர் இடர் தோன்றும். தமிழ்ச் சொற்கள் நீண்டவை. குறுகிய பத்தியில் இருபுறமும் சமன் செய்தால் சொற்களுக்கிடையே பள்ளம் பள்ளமாக வெளி விழும். மூன்று பத்தியை இரண்டாக்குங்கள். அல்லது வலப்புறத்தைச் சமன் செய்யாது விடுங்கள். கையால் வெட்ட நேர்ந்தால் புள்ளி பெற்ற எழுத்து வரியின் தொடக்கத்தில் வாராதபடி வெட்டுங்கள். ஈய எழுத்துக் கோத்த பழைய அச்சுக்கோப்பாளர்கள் இவ்விதியை யாரும் சொல்லாமலே கைப்பழக்கமாகக் கொண்டிருந்தனர்.

புகைப்படங்களில் நேரும் குறை பெரும்பாலும் ஒன்றே. வாட்சப்பில் வரும் படம் சுருக்கப்பட்டு வருகின்றது. அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். 1,200 புள்ளி அகலமுள்ள படத்தை 4 அங்குலத்திற்கு மேல் விரிக்கலாகாது. திரையில் பளிச்சென்று தெரிவதை நம்ப வேண்டா. படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். மேலும், பக்கத்தில் வைத்த படம் பொதுவாகக் கோப்பின் உள்ளே செல்வதில்லை. எங்கே இருக்கின்றது என்னும் குறிப்பே செல்கின்றது. பக்கக் கோப்பை மட்டும் அச்சகத்திற்கு எடுத்துச் சென்றால் படங்கள் மங்கலாகவே வரும். எல்லாவற்றையும் ஒரே உறையில் கட்டித் தரும் ‘பேக்கேஜ்’ வசதியைப் பயன்படுத்துங்கள். நம் மூத்தோர் சிலரின் படம் உலகில் ஒன்றே ஒன்று உள்ளது. அதுவும் குடும்ப அட்டையிலிருந்து எடுத்தது. அவற்றைப் பெரிதாக்காமல் சிறிய அளவிலேயே தெளிவாக இடுவது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

அச்சகத்திற்குக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை சில: எழுத்துரு பதிந்த பி.டி.எஃப்., நாற்வண்ண முறைக்கு மாற்றிய படங்கள், விளிம்பு வரை செல்லும் படங்களுக்கு 3 மில்லிமீட்டர் மிகை, கறுப்பு மை ஒன்றால் மட்டும் அமைந்த எழுத்து. நான்கு வண்ணமும் கலந்த கறுப்பில் சிறிய எழுத்தை அடித்தால் புள்ளிகளெல்லாம் நிழல் விழுந்து மங்கிவிடும். பக்க எண்ணிக்கை பாரக் கணக்கிற்கு, அதாவது பதினாறின் மடங்கிற்கு, வருமாறு பார்த்துக்கொண்டால் தாள் வீணாகாது. இவற்றை அச்சகத்தாரே சொல்லித் தருவர். கேட்கத் தயங்க வேண்டா.

இம்மலரின் ஒருங்குறி மூலம், எழுத்துருக்கள், படங்கள், பி.டி.எஃப். ஆகிய யாவும் மூன்று இடங்களில் வைக்கப்படும் என்று செயற்குழு ஒப்புக்கொண்டுள்ளது. ஒன்று சங்க நூலகக் கணிப்பொறி. ஒன்று ஊருக்கு வெளியே வாழும் உறுப்பினர் ஒருவரிடம். ஒன்று இணையச் சேமிப்பில். அச்சிட்ட படிகள் பத்து, கரையான் எட்டாத இரும்பு அலமாரியில் தனியே வைக்கப்படும். ஆண்டுதோறும் பொதுக்குழுவிற்கு முன் யாரேனும் இளைஞர் இருவர் அக்கோப்புகளைத் திறந்து பார்த்து, ‘தமிழ் தெரிகின்றது’ என்று பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். பழைய ஆண்டறிக்கைகளுள் மூன்றை இதுவரை மீட்டுள்ளோம். எஞ்சியவற்றிற்கு அச்சுப்படி தேவை. உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ இருந்தால், கிழிந்திருப்பினும் கொணர்ந்து தாருங்கள். படமெடுத்தபின் திருப்பித் தந்துவிடுவோம்.

மலரின் இரண்டாம் மெய்ப்பு நூலகத்து மேசைமீது வைக்கப்பட்டுள்ளது. பெயர்ப் பட்டியலை முதலில் பாருங்கள். உங்கள் பெயர், தந்தையார் தாயார் பெயர்களின் முதலெழுத்து, தேர்ச்சி பெற்ற ஆண்டு, பட்டம் ஆகியவற்றை ஒவ்வோர் எழுத்தாகப் படித்து, பிழையிருப்பின் சிவப்பு மையில் ஓரத்தில் எழுதுங்கள். எழுதப் படிக்க இயலாத பெரியவர்களுக்கு இளைஞர்கள் உடனிருந்து படித்துக் காட்டுங்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மெய்ப்பை எடுத்துக்கொள்வோம்.